வராத நோய்க்கும் மருந்து: காந்தா சுப்பாராவின் இன்ஃபுளுயன்சா ஆராய்ச்சிகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவி, ஆனைக்குட்டம்

முன்னுரை

எங்கள் ஆனைக்குட்டம் பக்கத்தில் 'மருந்து' என்று சொன்னால், கேட்பவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மாத்திரையோ ஊசியோ அன்று. பட்டாசுக்குள் செலுத்தும் வெடிமருந்துதான். விடியற்காலையில் சோற்றுத் தூக்கோடு வேன் ஏறிப் 'பயர் ஆபீசு'க்குப் போகும் பெண்களில் என் தாயாரும் ஒருவர். சென்ற ஆண்டு புரட்டாசியில், தீபாவளி வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம், அவருக்குக் காய்ச்சல் கண்டது. சளிக் காய்ச்சல்தானே என்று மூன்று நாள் பார்த்தோம். அது எட்டு நாள் படுக்க வைத்துவிட்டது. கை நிறைய வேலை இருந்த வாரத்தில் எட்டு நாள் கூலியும் போயிற்று. வைத்தியம் பார்த்த மருத்துவர் அது ஃபுளூ காய்ச்சல் என்றார்.

அன்று இரவு கஞ்சி குடித்துக்கொண்டே தாயார் என்னிடம் கேட்டார்: "ஏத்தா, இம்புட்டுப் படிக்கிறியே, இந்தக் காய்ச்சலுக்கு ஒரு ஊசி கண்டுபிடிக்கலையா?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவளிடம் வீடு கேட்ட முதல் அறிவியல் கேள்வி அது. என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையைத் தேடிப் புறப்பட்டபோதுதான் டாக்டர் காந்தா சுப்பாராவ் என்ற விஞ்ஞானியின் பெயரை அறிந்தேன். அவர் நம் வேலூரில் மருத்துவம் பயின்றவர். இன்ஃபுளுயன்சாவை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். அவருடைய ஆராய்ச்சிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1957: கப்பலில் வந்த காய்ச்சல்

இன்ஃபுளுயன்சா என்பது ஆண்டுதோறும் வந்து போகும் சாதாரணக் காய்ச்சல் என்றே நாம் எண்ணுகிறோம். சில ஆண்டுகளில் மட்டும் அது உலகையே வளைத்துக்கொள்ளும் கொள்ளை நோயாக மாறிவிடுகிறது. 1918 ஆம் ஆண்டில் வந்தது அத்தகையது. அதில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. நோயை உண்டாக்கும் கிருமி எது என்று அன்று யாருக்கும் தெரியாது. 1933 இல்தான் இலண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர் மனிதனைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தனர். நோயாளியின் தொண்டை நீரை ஃபெரெட் என்ற கீரி போன்ற பிராணியின் மூக்கில் விட்டு அவர்கள் அதைக் கண்டறிந்தார்கள்.

அடுத்த பெரிய கொள்ளை நோய் 1957 இல் வந்தது. 'ஆசிய ஃபுளூ' என்று அதற்குப் பெயர். இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம் சென்னைத் துறைமுகமே. அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் ஒன்றின் வழியாக நோய் கரையேறிற்று. அங்கிருந்து நாடு முழுவதும் பரவிற்று. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிவந்த இன்ஃபுளுயன்சா மையத்தைச் சேர்ந்த ஐ. ஜி. கே. மேனன் இந்த வரலாற்றைத் தொகுத்து, 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். பதிவான நோயாளிகள் மட்டும் 44 இலட்சத்துக்கும் அதிகம். பதிவான மரணங்கள் ஆயிரத்துக்கு மேல். நாய்க்கடிக்கு மருந்து செய்வதற்காக 1907 இல் தொடங்கப்பட்ட ஒரு மலைநாட்டு நிறுவனம், அரை நூற்றாண்டு கழித்து உலகக் கொள்ளை நோய் ஒன்றின் கணக்கை எழுதி வைத்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

அந்த 1957 ஆம் ஆண்டு வைரஸ் பதினோரு ஆண்டுகள் மனிதரிடையே உலவிவிட்டு, 1968 இல் வேறொரு வைரஸ் வந்ததும் மறைந்துபோயிற்று. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

மெய்ப்புத் திருத்தாத அச்சகம்

ஒரு முறை அம்மை வார்த்தால் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. ஃபுளூ மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இதற்கு விடை அந்த வைரஸின் அமைப்பில் உள்ளது.

வைரஸின் மேற்புறத்தில் முட்கள் போல இரண்டு வகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஹீமக்ளூட்டினின் என்பது ஒன்று. அதைக்கொண்டுதான் வைரஸ் நம் உயிரணுவைப் பற்றி உள்ளே நுழைகிறது. நியூராமினிடேஸ் என்பது மற்றொன்று. புதிதாகப் பிறந்த வைரஸ்கள் உயிரணுவை விட்டு வெளியேற அது உதவுகிறது. முதலாவதை 'எச்' என்றும் இரண்டாவதை 'என்' என்றும் சுருக்கி எழுதுவர். பறவைகளிடம் 16 வகை எச்சும் 9 வகை என்னும் காணப்படுகின்றன. எச்1என்1, எச்5என்1 என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் இந்த வகைகளின் பெயர்களே.

வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் எட்டுத் துண்டுகளாக உள்ளது. இதை நம் சிவகாசி அச்சகத்தை வைத்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இருப்பார். எழுத்துப் பிழைகளை அவர் பிடித்துவிடுவார். நம் உடலின் உயிரணுக்கள் தம் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போதும் அத்தகைய திருத்தம் நடக்கிறது. இன்ஃபுளுயன்சா வைரஸிடமோ மெய்ப்புத் திருத்துபவர் இல்லை. ஒவ்வொரு படியிலும் பிழைகள் சேர்கின்றன. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடு. சில பிழைகள் மட்டும் அதன் முட்களின் உருவத்தைச் சற்று மாற்றி, நம் உடலின் எதிர்ப்பொருள்களுக்கு அடையாளம் தெரியாமல் செய்துவிடுகின்றன. ஆண்டுதோறும் வரும் ஃபுளூவுக்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரிது. ஒரே சமயத்தில் இரண்டு புத்தகங்களைத் தைக்கும் இடத்தில் ஒன்றின் பாரங்கள் மற்றொன்றில் கலந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவதாக ஒரு புத்தகம் உருவாகிவிடும். அதுபோலவே ஒரே உயிரணுவுக்குள் மனித வைரஸும் பறவை வைரஸும் புகுந்தால், அவற்றின் எட்டு எட்டுத் துண்டுகளும் கலந்து புதிய வைரஸ் பிறக்கக்கூடும். 1957 இல் வந்த எச்2என்2 இவ்வாறு பிறந்ததே. அதன் எட்டுத் துண்டுகளில் மூன்று பறவை வைரஸிலிருந்து வந்தவை. இத்தகைய புதிய வைரஸை எதிர்க்கும் அனுபவம் உலகில் பெரும்பாலோர்க்கு இருப்பதில்லை. அதனாலேயே அது காட்டுத் தீயாகப் பரவுகிறது.

ஒரேயொரு எழுத்து

காந்தா சுப்பாராவ் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று குழந்தை மருத்துவத்திலும், குழந்தைகளைத் தாக்கும் தொற்றுநோய்களிலும் மேற்பயிற்சி பெற்றார். அதன்பின் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ஆய்வுக்கூடம் ஒன்றில் வைரஸ் ஆராய்ச்சியில் இறங்கினார். நோயாளிக் குழந்தையின் படுக்கையருகே நின்ற மருத்துவர் உருப்பெருக்கியின் பக்கம் திரும்பினார் எனலாம்.

அவருடைய பதிவேட்டில் முதலில் நம் கண்ணில் படுவது 1993 ஆம் ஆண்டுக் கட்டுரை. பறவை வைரஸ் மனிதனிடம் ஏன் எளிதில் பெருகுவதில்லை என்பதே கேள்வி. அவரும் உடன் பணியாற்றிய இருவரும் மனித வைரஸ் ஒன்றை எடுத்து, அதன் எட்டுத் துண்டுகளில் 'பிபி2' என்ற ஒன்றை மட்டும் பறவை வைரஸின் துண்டாக மாற்றினார்கள். அவ்வாறு மாற்றிய வைரஸ் பறவை உயிரணுக்களில் வளர்ந்தது. பாலூட்டியின் உயிரணுக்களில் வளரவில்லை. அப்படி வளராத வைரஸ்களிடையே மீண்டும் வளரும் திறம் பெற்ற சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்தபோது, அந்தப் புரதத்தின் 759 அமினோ அமிலங்களில் 627 ஆம் இடத்தில் இருந்த ஒன்று மட்டும் மாறியிருக்கக் கண்டார்கள். பறவையிடம் அந்த இடத்தில் இருப்பது குளுட்டாமிக் அமிலம். மனித வைரஸில் இருப்பது லைசின்.

ஒரு பெரிய புத்தகத்தில் ஒரு எழுத்து மாறியதால் அது வேறு நாட்டில் செல்லுபடியாகிவிட்டது போன்றது இது. இன்றும் எங்கேனும் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தாக்கியது என்றால், விஞ்ஞானிகள் முதலில் புரட்டிப் பார்க்கும் இடங்களில் இந்த 627 ஆம் இடமும் ஒன்று.

ஹாங்காங்கில் ஒரு குழந்தை

1997 மே மாதத்தில் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கடும் சுவாசக் கோளாறால் இறந்தான். அவன் உடலிலிருந்து எடுத்த வைரஸ் இன்ஃபுளுயன்சா என்று தெரிந்தது. எந்த வகை என்பது மட்டும் தெரியவில்லை; மனிதரிடம் அதுவரை கண்ட வகைகளுக்கான சோதனைப் பொருள்கள் எதற்கும் அது ஒத்துவரவில்லை. மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள நோய்த் தடுப்பு மையம். அங்கே இன்ஃபுளுயன்சா மரபணுப் பிரிவில் காந்தா சுப்பாராவ் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதத்தில் விடை கிடைத்தது. அது எச்5என்1; கோழிகளைக் கொல்லும் வைரஸ்.

அது மனிதனை நேரே தாக்கி உயிரைப் பறிக்கும் என்று அதுவரை எவரும் எண்ணியதில்லை. மாதிரியில் ஏதேனும் கலப்படம் நேர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அவரும் தோழர்களும் வைரஸின் மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்து, அதன் முடிவை 1998 சனவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். எட்டுத் துண்டுகளும் பறவையிடமிருந்து வந்தவையே. மனித வைரஸின் கலப்பு எதுவும் இல்லை. பறவை வைரஸ் இடையில் எந்தக் கலப்பும் இன்றி மனிதனைக் கொல்ல முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று.

அவ்வாண்டு முடிவதற்குள் ஹாங்காங்கில் 18 பேர் நோயுற்று அறுவர் இறந்தனர். டிசம்பர் இறுதியில் அந்நகர அரசு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்று நோயை அப்போதைக்கு அணைத்தது. எனினும் அந்த வைரஸின் வழித்தோன்றல்கள் அழியவில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில் அவை தோன்றின. 2021 இல் டெல்லி மருத்துவமனையில் ஒரு சிறுவன் இறந்தது இந்தியாவில் பதிவான முதல் மனித மரணம். 2024 இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலேயே அவை பரவின. 2003 முதல் உலகெங்கும் 900க்கும் மேற்பட்டோரை இவ்வகை வைரஸ் தாக்கியதாகப் பதிவாகியுள்ளது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்துவிட்டனர்.

முட்டையைக் கொல்லும் வைரஸ்

ஃபுளூ தடுப்பூசியைப் பெரும்பாலும் கோழி முட்டையில்தான் தயாரிக்கிறார்கள். கரு வளரும் முட்டைக்குள் வைரஸைச் செலுத்திப் பெருக்கி, பிறகு அதைச் செயலிழக்கச் செய்து ஊசி மருந்தாக்குவது வழக்கம். நாம் பள்ளியில் சத்துணவோடு சாப்பிட்ட அதே பொருள், கருவுற்ற நிலையில் ஒரு சிறு மருந்துத் தொழிற்சாலையாக ஆகிவிடுகிறது.

எச்5என்1 விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல். கோழியைக் கொல்லும் வைரஸ் முட்டையிலுள்ள கருவையும் கொன்றுவிடும். அத்துடன் அதைப் பெரிய அளவில் வளர்ப்பது தொழிற்சாலையில் இருப்பவர்க்கும் ஆபத்து. ஆகவே வைரஸின் கொடுமைக்குக் காரணமான பகுதியை முதலில் நீக்க வேண்டியிருந்தது.

அந்தப் பகுதி எது? வைரஸின் எச் புரதம் ஓரிடத்தில் வெட்டப்பட்டால்தான் வேலை செய்யும். சாதாரணப் பறவை வைரஸில் அந்த இடத்தை வெட்டும் நொதிகள் மூச்சுப் பாதையிலும் குடலிலும் மட்டுமே உண்டு. நோய் அங்கேயே நின்றுவிடும். ஹாங்காங் வைரஸில் அவ்விடத்தில் ஆர்ஜினின், லைசின் என்னும் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்திருந்தன. அதனை உடலின் எந்த உறுப்பிலும் உள்ள நொதி வெட்டிவிடும். ஒரு வீட்டுப் பூட்டு எல்லாச் சாவிக்கும் திறப்பது போன்ற நிலை.

காந்தா சுப்பாராவும் தோழர்களும் 2003 இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி காட்டுகிறது. எச் மரபணுவில் அந்த வரிசையை வெட்டி எறிந்தார்கள். அதையும் என் மரபணுவையும் எடுத்துக்கொண்டு, முட்டையில் நன்றாக வளரும் பழைய ஆய்வுக்கூட வைரஸ் ஒன்றின் மற்ற ஆறு துண்டுகளோடு சேர்த்தார்கள். இவ்வாறு கிடைத்த புதிய வைரஸ் கோழிகளைக் கொல்லவில்லை; முட்டையில் வளர்ந்தது; எலிகளுக்குக் கொடுத்தபோது நோயிலிருந்து காத்தது. நோயின் முகம் இருக்கும், பல் இருக்காது. ஆபத்தான பறவை வைரஸுக்குத் தடுப்பூசி விதை செய்யும் முறை இவ்வாறு உருவாகி நிலைபெற்றது.

எலிக்கு வந்த சார்ஸ்

2003 இல் சார்ஸ் என்ற புது நோய் உலகை மிரட்டியது. எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது இன்ஃபுளுயன்சா அன்று. கொரோனா வகை வைரஸ். அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்த காந்தா சுப்பாராவ் அந்த நோயின் பக்கமும் கவனத்தைத் திருப்பினார்.

எந்தத் தடுப்பு மருந்தையும் மனிதனுக்குக் கொடுக்குமுன் பிராணியிடம் சோதிக்க வேண்டும். அவருடைய குழு 2004 இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு முறை நோய் கண்ட எலிக்கு மறுமுறை அது பற்றுவதில்லை என்றும், அந்த எலியின் எதிர்ப்பொருளை வேறு எலிக்குக் கொடுத்தாலே அதுவும் காக்கப்படுகிறது என்றும் காட்டினர். எதிர்ப்பொருளை உண்டாக்கும் தடுப்பூசி பயன்படும் என்ற நம்பிக்கைக்கு இது அடிப்படையாயிற்று. ஆனால் எலிகளுக்கு அந்த வைரஸால் பெரிய நோய் வரவில்லை. எனவே ஒரு எலியின் நுரையீரலிலிருந்து அடுத்த எலிக்கு என்று 15 முறை வைரஸை மாற்றி வளர்த்து, எலிகளுக்கும் கடும் நோயைத் தரும் வைரஸை உருவாக்கி 2007 இல் வெளியிட்டார்கள். நோயே மறைந்துவிட்ட பிறகு அதற்கு எலி தேடிய வேலை அது. 2020 இல் வேறொரு கொரோனா வைரஸ் வந்து உலகையே வீட்டுக்குள் அடைத்தபோது, இத்தகைய முன்வேலைகளின் அருமை விளங்கிற்று.

தோல்வி போல் தோன்றிய சோதனை

அவருடைய பதிவேட்டில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி இதுவே.

மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து ஒன்று உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாசாப் என்ற விஞ்ஞானி 1960 இல் கிடைத்த வைரஸ் ஒன்றைப் படிப்படியாகக் குளிரில் வளர்த்து 25 பாகை செல்சியசுக்குப் பழக்கினார். அது குளிர்ந்த மூக்கில் வளரும். சூடான நுரையீரலில் வளராது. அதன் ஆறு துண்டுகளோடு புதிய வைரஸின் எச், என் துண்டுகளைச் சேர்த்தால் மூக்குத் தடுப்பு மருந்து கிடைத்துவிடும். காந்தா சுப்பாராவின் குழு மெட்இம்யூன் என்ற மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து, எச்5, எச்6, எச்7, எச்9 எனப் பறவைகளிடம் உலவும் பல வகைகளுக்கும் இவ்வாறு மருந்து செய்து பார்த்தது. 1968 இல் மறைந்த எச்2 வகைக்கும் செய்தது. அதன் பின் பிறந்த எவருக்கும் அந்த வைரஸை எதிர்க்கும் சக்தி இல்லை. அது திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யாராவது எண்ணிப் பார்க்கத்தானே வேண்டும்?

எச்5என்1 மூக்கு மருந்து தன்னார்வலர்களுக்குத் தனி விடுதியில் வைத்துக் கொடுக்கப்பட்டது. தீங்கு நேரவில்லை. ஆனால் பயனும் தெரியவில்லை. மருந்து வைரஸ் அவர்கள் மூக்கில் அதிகம் வளரவில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருளும் போதிய அளவு காணப்படவில்லை. ஏட்டில் 'பயனில்லை' என்று எழுதி மூடிவிடக்கூடிய முடிவு அது.

அவர்கள் மூடிவிடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே தன்னார்வலர்களை மீண்டும் அழைத்து, செயலிழந்த வைரஸால் ஆன சாதாரண எச்5என்1 ஊசி ஒன்று போட்டுப் பார்த்தார்கள். முன்பு மூக்கு மருந்து பெறாதவர்களுக்கும் அதே ஊசியைப் போட்டு ஒப்பிட்டார்கள். முன்பு மருந்து பெற்றவர்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் வேகமாகவும் மிகுதியாகவும் உயர்ந்தது. மற்றவர்களிடம் அவ்வாறு உயரவில்லை. இதன் பொருள், மூக்கு மருந்து வீணாகவில்லை என்பதே. அளவுகோலில் தெரியாத ஒரு நினைவை அது உடலில் விட்டுச் சென்றிருந்தது. காந்தா சுப்பாராவும் பங்குபெற்ற அந்த ஆய்வு 2014 இல் வெளிவந்தது.

நம் ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிவு சரியாக வராவிட்டால் அடுத்த மேசையில் இருப்பவரின் எண்ணைப் பார்த்து எழுதிவிடுகிறோம். நானும் அப்படி எழுதியதுண்டு. வந்த முடிவை வந்தபடியே எழுதி வைத்ததால்தான் அவர்களால் பின்னாளில் திரும்பிப் போக முடிந்தது என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆண்டுக்கு இரு முறை ஒரு தீர்ப்பு

2016 இல் காந்தா சுப்பாராவ் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் இன்ஃபுளுயன்சா கூட்டுழைப்பு மையத்துக்கு இயக்குநரானார். இத்தகைய மையங்கள் உலகில் சிலவே உள்ளன. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் தமக்குக் கிடைத்த வைரஸ் மாதிரிகளை இவற்றுக்கு அனுப்புகின்றன. நம் நாட்டில் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இந்த உலக வலையில் ஒரு கண்ணி.

ஆண்டுக்கு இரு முறை வல்லுநர்கள் கூடி, அடுத்த பருவத்துத் தடுப்பூசியில் எந்தெந்த வைரஸ் இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். பிப்ரவரியில் வட கோளத்துக்கு. செப்டம்பரில் தென் கோளத்துக்கு. ஊசி தயாரிக்க ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். ஆகவே ஆறு மாதம் கழித்து எந்த வைரஸ் தலையெடுக்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். கணிப்புச் சில ஆண்டுகளில் நன்றாக அமையும். சில ஆண்டுகளில் வைரஸ் ஏமாற்றிவிடும். ஐப்பசியில் மழை பெய்யும் என்று நம்பிப் புரட்டாசியில் விதைக்கும் எங்கள் ஊர் மானாவாரி விவசாயிக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். மழை தவறிய ஆண்டும் உண்டு. அதற்காக விதைக்காமல் இருப்பதில்லை.

முடிவுரை

இக்கட்டுரைக்காகக் குறிப்பு எடுத்தபோது என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்: "எச்5 கொள்ளை நோய் இன்னும் மனிதரிடம் பரவவே இல்லை. எச்2 திரும்பி வரவே இல்லை. வராத நோய்க்கு மருந்து செய்து இத்தனை ஆண்டு செலவழித்தால் அது சாதனையா?" நியாயமான கேள்விதான். பரிசும் பதக்கமும் பெற்றுத் தருவதே ஆராய்ச்சி என்று எண்ணியிருந்த எனக்கும் விடை தெரியவில்லை.

விடையைத் தந்தவர் என் தாயார். ஒரு நாள் மாலை வேலை விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் இந்த விஞ்ஞானியின் கதையைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "எங்க ரூமு வாசல்ல வாளியில மணல் வச்சிருக்காகல்ல, அது மாதிரின்னு சொல்லு. அந்த மணல ஒரு நாளும் அள்ளி வீசுற மாதிரி வந்துரக் கூடாது. அதுக்காக வெறும் வாளியா இருக்கவும் கூடாது" என்றார்.

நம் வட்டாரத்தில் வெறும் வாளி எதைக் கொண்டுவரும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1957 இல் கப்பல் சென்னையைத் தொட்டபோது வாளியில் மணல் இல்லை. இன்று ஓரளவு இருக்கிறது. அதை நிரப்பியவர்களுள் காந்தா சுப்பாராவ் ஒருவர். அவரோடு ஒவ்வொரு கட்டுரையிலும் பெயர் போட்டிருக்கும் பலரும் சேர்ந்தே நிரப்பினார்கள். அவருடைய பதிவேட்டைப் படிக்கும் முறையும் இதுவே என்று கருதுகிறேன். எத்தனை கட்டுரை என்று எண்ணுவதைவிட, எந்தத் தீக்கு முன்னால் எந்த வாளி வைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

தாயாரின் பழைய கேள்விக்கும் இப்போது என்னிடம் விடை உண்டு. ஃபுளூவுக்கு ஊசி இருக்கிறது. வைரஸ் வேடம் மாற்றுவதால் அதை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆஸ்துமாவும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது மிகவும் தேவை. ஆனால் நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகப் போடப்படும் தடுப்பூசிகளின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. பெரும்பாலும் விலை கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. நாள் முழுதும் மருந்துத் தூசியில் மூச்சு விட்டு, ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலியை இழக்கும் பெண்களுக்கு அந்த ஊசி எட்டும் தூரத்தில் இல்லை. வேலூரில் படித்த ஒருவர் உலகின் வாளியில் மணல் நிரப்பினார். அந்த மணல் ஆனைக்குட்டத்து வாசல் வரை வந்து சேர வழி காண்பது, இன்று கல்லூரியில் அமர்ந்து படிக்கும் நம் தலைமுறையின் கடமை.